டவர் கூப்பிட்டது கேட்காத போன்

கோபித்துக்கொண்டு ஜப்பானுக்குப் போன மகள், பல வருஷம் கழித்து அம்மாவுக்கு ஒரு போன் கொடுத்தனுப்பினாள். அதில் கூப்பிடுவதாகவும் சொல்லியனுப்பியிருந்தாள். அம்மா பழைய பட்டன் போனிலிருந்து சிம்மைக் கழற்றிப் புதுப் போனில் போட்டாள். பட்டன் போன் மேசை டிராயருக்குள் போனது.

"உன் பட்டனில் எழுத்தெல்லாம் அழிந்துபோச்சே, யாரைக் கூப்பிடுகிறோம் என்று உனக்காவது தெரியுமா?" என்று புதுப் போன் சிரித்தது.

மறுநாள் ஊர் டவர் கூப்பிட்டது. டவர்கள் நாட்டுக்கு நாடு வேறு அலைவரிசையில் பேசும். ஜப்பான் அலைவரிசைக்கே பழகிய புதுப் போனின் காதில் இந்த ஊர் அலைவரிசை ஏறவே இல்லை. பட்டன் போனுக்கோ சிம் இல்லாவிட்டாலும் டவர் பேசுவது கேட்டது.

டவர் பட்டன் போனிடம் சொன்னது: "மகள் லைனில் இருக்கிறாள். அந்தச் சீமைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீயாவது ஒரு சத்தம் போடேன், அம்மா டிராயரைத் திறந்து சிம்மை உனக்கே மாற்றிப் போடுவாள்."

"என்னைப் பார்த்துச் சிரித்தவர்தானே, அவரே எடுக்கட்டும்," என்றது பட்டன் போன்.

டவர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது. பிறகு அதன் குரல் இறங்கிவிட்டது.

"அம்மாவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை போல என்று சொல்லி மகள் போனை வைத்துவிட்டாள். இனிமேல் கூப்பிட மாட்டாளாம்."

பட்டன் போன் பதறிப்போய்ச் சத்தம் போட வாயைத் திறந்தது. மிச்சமிருந்த கொஞ்சம் சார்ஜும் அதற்குள் தீர்ந்துவிட்டது.

மேலே, மேசைமேல் இருந்த புதுப் போனை அம்மா முந்தானையால் துடைத்து, மணி அடித்தால் உடனே எடுக்க வசதியாகத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.