கடைசி பெஞ்ச் வயிற்று வலி

“வயித்து வலி மிஸ்...” கடைசி பெஞ்சிலிருந்து ஒரு முனகல் கிளம்பியது.

பிரெஞ்சு ஆசிரியைக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது. “நேத்து தலைவலி, முந்தாநாள் பல்வலி. உடம்புல இன்னும் எந்த இடம் பாக்கி?”

“மனசு வைங்க மிஸ். பிரெஞ்சுன்னாலே நாக்கு சுளுக்கிக்குது.”

“ஃபுட்பால் டீமோட வெளிநாடு போறவங்களுக்கு பிரெஞ்சு தெரியணும்னு ஹெச்.எம். கறாரா சொல்லிட்டார். நாளைக்கு டெஸ்ட்ல ஃபெயிலானா, ஏர்போர்ட்ல நின்னு டாட்டா காட்ட வேண்டியதுதான்!”

வகுப்பே கொல்லென்று சிரித்தது. முன் பெஞ்ச் மாணவி திரும்பிப் பார்த்தாள்.

“எங்களுக்கு வயித்து வலின்னா மட்டும், ‘நாலு ரவுண்டு ஓடு, சரியாப் போயிடும்’னு விரட்டுவீங்களே சார்?”

உடற்கல்வி ஆசிரியர் கழுத்தில் தொங்கிய விசிலை அவசரமாகச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு, பாடம் ஒப்பிக்க எழுந்து நின்றார்.