வேண்டாம்லா?

“ஏட்டி கெசியா, இன்னைக்கு வேண்டாம்லா?”

விடிந்தும் விடியாத வேளை. கையில் பைக் சாவியோடு அறைவாசலில் அப்பா கிங்ஸ்லி நின்றார். காலங்காத்தால குத்தலைப் பாரேன்! கெசியா போர்வையை உதறிவிட்டுத் துள்ளி எழுந்தாள்.

“இந்தா வாரேம்ப்பா!”

அவர் ஒரு பெருமூச்சு விட்டபடி வண்டியைக் கிளப்பப் போனார்.

ஆறாம் வகுப்பிலிருந்து தினமும் இதே கேள்வி, இதே ஓட்டம். பட்டர்ஃப்ளை நீச்சலில் மாநில சாதனையை உடைத்து, பிறகு தன் சாதனையைத் தானே உடைத்து, ஊருக்கே செல்லப்பிள்ளை ஆகிவிட்டாள். பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ‘தாமிரபரணியின் தங்க மீனே’ என்று பிளெக்ஸ் வேறு. மீன் தொட்டிக்குள் மாட்டிக்கொண்டு முழிப்பது யாருக்குத் தெரியும்?

குளோரின் வாடைக்கே இப்போதெல்லாம் குமட்டியது. தோள் விண்விண்ணென்று தெறித்தது. ஆனால் கோர்ட் வேலைக்குப் போகுமுன் தினமும் நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போகும் மனுஷனிடம் ‘போதும்’ என்று எந்த வாயால் சொல்வது?

இன்று தேர்வுப் போட்டி. ஜெயித்தால் இரண்டு வருஷம் பெங்களூரில் பயிற்சி முகாம். நினைத்தாலே மூச்சு முட்டியது.

விசில் ஊதினார்கள். பாதி தூரத்திலேயே மற்றவர்கள் பின்தங்கிவிட்டார்கள். பட்டர்ஃப்ளையில் இரண்டு கையும் ஒன்றாகச் சுவரைத் தொட வேண்டும். ஒற்றைக் கை பட்டால் ஆட்டம் காலி.

சுவர் நெருங்கியது. கெசியா வலது கையை மட்டும் நீட்டினாள்.

நடுவர் கையை உயர்த்தியதும் கூட்டம் ‘ச்சே!’ என்று தலையில் அடித்துக்கொண்டது.

திரும்பும் வழியில் அப்பா கொக்கிரகுளம் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டினார்.

“ஒத்தக் கையால தொட்டியே, தெரியாமயா?”

“தெரிஞ்சுதாம்ப்பா.” அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “எனக்கு நீச்சலே பிடிக்கலப்பா. நீங்க ஏசுவியளோன்னு பயந்துதான் இத்தன வருஷமா...”

அப்பா ஹெல்மெட்டைக் கழற்றினார். கண்கள் சிவந்திருந்தன.

“உனக்கு அதுதான் உசுருன்னுல்லா நெனச்சேன்! உன் தோளப் பாத்து என் ஈரக்குல நடுங்காத நாளே கெடையாது.”

கெசியா அவரையே பார்த்தாள்.

“அதாம்ட்டி, தெனமும் வாசல்ல நின்னு கெஞ்சுனேன், ‘இன்னைக்கு வேண்டாம்லா’ன்னு.”