ஒன்பதாம் எண் ரிசீவர்

"இன்னைக்கும் கையெழுத்துப் போடாம நழுவிட்டீங்கன்னா, நாளையிலேருந்து உங்க பொண்ணு குரல் இங்க இருக்காது சார்."

நினைவகத்தின் பொறுப்பாளர் பெண் படிவமும் கையுமாக வழியை மறித்து நின்றாள். பெரியவர் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்று விரலை உயர்த்திக் காட்டினார்.

குண்டு வெடித்த கட்டடம் இருந்த இடத்தில்தான் இந்த நினைவகத்தைக் கட்டியிருக்கிறார்கள். கீழே, இறந்தவர்களின் பெயர்கள் செதுக்கிய சுவர். மாடியில் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் கருகிய கைப்பை, நின்றுபோன கடிகாரம், ஒற்றைச் செருப்பு. கடைசி அறையில் பன்னிரண்டு ரிசீவர்கள். உள்ளே சிக்கிக்கொண்டவர்கள் வீட்டுக்குப் போன் செய்து, யாரும் எடுக்காததால் பதிவாகிப்போன கடைசிக் குரல்கள். பெயர் போடுவதில்லை, எண் மட்டும்தான். குடும்பங்கள் கேட்டுக்கொண்ட ஏற்பாடு அது.

சும்மா பார்க்க வருகிறவர்கள் இரண்டு ரிசீவரைக் கேட்பதற்குள் முகம் வெளிறி, காற்றாட வெளியே போய்விடுவார்கள். பெரியவர் மட்டும் நாலு வருடமாக, செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்து ஒன்பதாம் எண்ணே கதியென்று நிற்கிறார். முதல் நாள் அதைக் கேட்டுவிட்டு அவர் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தபோது, தண்ணீர் கொடுத்து எழுப்பியவள் இந்தப் பெண்தான். யார், என்ன என்று குடைந்து கேட்க அவளுக்கு மனசு வரவில்லை.

ஒன்பதாம் எண் அதிகம் பேசாது.

"அப்பா, நான்தான். ஒரே புகையா இருக்குப்பா. படிக்கட்டுக் கதவு திறக்க மாட்டேங்குது. போனை எடுக்கலையேன்னு மனசைப் போட்டு அலட்டிக்காதே. எனக்கு உம்மேல கோபமே இல்லப்பா."

அவ்வளவுதான். பதினாறு நொடி.

பெரியவர் ரிசீவரை வைத்தார்.

"கையெழுத்து இல்லேன்னா, நிஜமாவே எடுத்துடுவீங்களாம்மா?"

"எத்தனை தடவை சார் சொல்றது? குடும்பத்தோட சம்மதம் அஞ்சு வருஷத்துக்குத்தான் செல்லும். இன்னையோட முடியுது. புதுப்பிக்கலேன்னா அழிச்சிடணும். இங்கேருந்து மட்டும் இல்ல, ஆபீஸ்ல இருக்கறதையும்."

"வேற எங்கேயும் இருக்காதா?"

"இருக்காது சார். விலாசத்துக்கு நாலு கடிதம் போட்டோம். நாலும் ஆள் இல்லைன்னு திரும்பி வந்துடுச்சு. வீடு மாறினா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சரி, நேர்லதான் வர்றீங்களேன்னு பார்த்தா, மூணு வாரமா படிவத்தைக் கண்டாலே பாத்ரூம் பக்கம் ஓடறீங்க."

அவர் சிரிக்கவில்லை.

"நீயே போட்டுடேன்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"என் வேலைதான் போகும். அப்பா கையெழுத்துதான் வேணும்." அவள் குரலைத் தணித்தாள். "ஒரு கிறுக்கல் சார். ஒரே ஒரு கிறுக்கல்ல அந்தக் குரலைக் காப்பாத்திடலாம்."

பேனாவை அவர் விரல்களுக்குள் திணித்தாள். அவர் படிவத்தைச் சுவரில் வைத்து அழுத்திக்கொண்டார். 'தந்தையின் கையொப்பம்' என்ற இடத்தில் பேனா முனை பட்டு ஒரு புள்ளி விழுந்தது. போட்டுவிடத்தான் ஆசை. போடாவிட்டால் அடுத்த செவ்வாய் இந்தக் குரல் இருக்காது. கை மட்டும் நகர மறுத்தது.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"என்னால முடியலம்மா. அழிச்சிடுங்க."

"கல் நெஞ்சு சார் உங்களுக்கு!" அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "பெத்த பொண்ணு கடைசியா அப்பான்னு கூப்பிட்டிருக்கா. அதை அழிக்கச் சொல்ல எப்படி சார் வாய் வருது?"

பெரியவர் ரிசீவரை ஒரு முறை தடவிப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணு யாரு, இவளோட அப்பா இப்ப எங்க இருக்கார்னு எனக்குத் தெரியாதும்மா. என் பொண்ணு பேர் கீழே சுவத்துல இருக்கு, குரல்தான் எங்கேயும் இல்லை. முந்தின நாள் எங்களுக்குள்ள சண்டை. அன்னைக்கு அவ மூணு தடவை கூப்பிட்டா. இன்னும் கொஞ்ச நேரம் தவிக்கட்டும்னு மூணு தடவையும் நான்தான் கட் பண்ணேன்."