நீளமான ஸ்க்ரூ

"பட்டனை அழுத்தினா தோட்டா போடுற மேகசின் தானா கீழ விழணும். இது தொங்கிக்கிட்டு நிக்குது," என்று காலி பிஸ்டலை நீட்டினான் வெண்டல். "நாளைக்குச் சுடுற போட்டி. உன்னால ஆகுமா, இல்ல டூசான் டவுன்ல ஒரு ஆம்பளைகிட்டக் காட்டட்டுமா?"

துப்பாக்கி ரிப்பேர் கடைக்காரி லொரெட்டா மேகசினை இழுத்தெடுத்தாள். பக்கவாட்டில் நீளமான கீறல்.

"அழகுக்கு மான்கொம்புக் கைப்பிடி மாட்டினியே, அதோட ஸ்க்ரூ நீளம். உள்ள நீட்டிக்கிட்டு மேகசினை உரசுது."

ஸ்க்ரூவை அரத்தால் தேய்த்துக் குறைத்து மாட்டினாள். பட்டனை அழுத்தியதும் மேகசின் சட்டென்று மேசையில் விழுந்தது.

"கூலி எவ்வளவு?"

"ஒண்ணும் வேண்டாம். போன வருஷப் போட்டியில நான் உன்னைத் தோற்கடிச்சதும், உன் மேகசின் சிக்கினதாலதான் நான் ஜெயிச்சேன்னு ஊரெல்லாம் சொன்னியே. நாளைக்கும் ஜெயிக்கப்போறேன். இந்தத் தடவை என்ன சாக்கு சொல்லலாம்னு இப்பவே யோசிச்சு வை."