காலிப் பாத்திரம்

நூடுல்ஸ் பாத்திரம் வழித்துத் துடைத்ததுபோல் திரும்பி வந்ததைப் பார்த்ததும் கரண்டியக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. அடியில் ஒரு இழைகூட ஒட்டியிருக்கவில்லை. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, போட்டியில் ஜெயித்து வாங்கிய கோப்பையைப் பார்ப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கரண்டியக்கா என்பது தொழிற்சாலை கேன்டீனில் வேலை பார்த்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். அங்கே கற்றுக்கொண்ட பாடமும் ஒன்று உண்டு. சாப்பிடுகிறவர்கள் வாயால் சொல்வதை அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். திரும்பி வரும் பாத்திரத்தைத்தான் பார்ப்பாள். சமையல்காரிக்கு மார்க் போடுவது பாத்திரம்தான் என்பது அவள் கட்சி.

அதனால்தான் சொந்தக் கடை போட்ட பிறகும் அவள் முன்பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. பின்னால் இருக்கும் புழுக்கமான அடுப்படி அவளுடையது. முன்னால் இருக்கும் பெஞ்சுகளும் கல்லாவும் புருஷனுடையவை. நடுவில் ஒரு தகரக் கதவு.

எதிர்ச்சாரியில் ஏசி போட்டுப் பளபளவென்று ஒரு கடை திறந்தபோது அவளுக்குத் தூக்கமே போய்விட்டது. ஆனால் பாத்திரங்கள் அதற்கப்புறமும் காலியாகவே வந்தன. கழுவ வரும் தட்டுகள்தான் குறைந்திருந்தன. இப்போதெல்லாம் யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், எல்லாம் பார்சல்தான் என்று புருஷன் சொன்னார். ஒரு வேலை மிச்சம் என்று அவளும் சந்தோஷப்பட்டாள்.

இன்று புருஷன் கன்னத்தைக் கையால் தாங்கியபடி கதவோரம் வந்து நின்றார். கடைவாய்ப் பல் கொஞ்ச நாளாக அவரைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது.

பழைய கேன்டீன் மேடம் மறுபடி வேலைக்குக் கூப்பிட்டாரா என்று மெல்ல விசாரித்தார். காலையில் கூப்பிட்டிருந்தார். தலைமைச் சமையல்காரி வேலை காலியாக இருக்கிறது. மாதம் பிறந்தால் சம்பளம், ஓய்வு பெற்றால் பென்ஷன், பிள்ளைகள் படிப்புக்குக்கூட உதவி உண்டு. இன்றைக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

"போயேன். இந்தச் சூட்டுல இன்னும் எத்தனை நாளைக்கு வேகப்போற? கடையை மூடிட்டா குடியா முழுகிடும்?" என்றார் புருஷன்.

அவளுக்குச் சுருக்கென்றது. வெந்து புழுங்கி ஒரு கடையை நிமிர்த்தி வைத்திருக்கிறாள். ஊரெல்லாம் வாங்கிச் சாப்பிடுகிறது, கட்டினவருக்கு மட்டும் அது கண்ணில் படவில்லை.

"பாத்திரம் தெனமும் காலியாத்தானே வருது? நல்லா ஓடுற கடையை எதுக்கு மூடணும்? சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். பிறகு, பல் வலி உயிர் போகிறது என்று மூடிக்கொண்டார். டாக்டரிடம் போகும் நேரமாகிவிட்டது, நீயும் கதவைப் பூட்டிவிட்டுக் கையோடு வீட்டுக்குப் போய்விடு என்றார். உங்களுக்குப் பல் வலித்தால் கடைக்கு எதற்கு லீவு என்று அவள் மடக்கினாள். அவர் தயங்கித் தயங்கித் தெருவில் இறங்கினார். பைக்கை விற்றதிலிருந்து எங்கே போனாலும் அவருக்கு நடைதான். தொப்பை குறையுமாம்.

அவர் தலை மறைந்த சற்றைக்கெல்லாம் போன் அடித்தது. கேன்டீன் மேடம்தான். இன்னொரு பெண் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள், உன் கைப்பக்குவத்துக்காகத்தான் இவ்வளவு நாள் இழுத்துப் பிடித்தேன், வருகிறாயா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல் என்றார்.

பிள்ளைகள் படிப்பை நினைத்தபோது கரண்டியக்காவுக்கு மனசு ஆடத்தான் செய்தது. ஆனால் கண் தன்னால் அந்தப் பாத்திரத்தின் பக்கம் போனது.

"அவங்களுக்கே குடுத்துடுங்க மேடம். எங்க கடையில ஒரு பருக்கை மிஞ்சறதில்ல. இதை விட்டுட்டு நான் எப்படி வர்றது?"

அந்தப் பெண் கையெழுத்துப் போடும்வரை மேடம் லைனிலேயே இருந்தார். பிறகு, நல்லா இரு என்று வாழ்த்திவிட்டு வைத்துவிட்டார். கரண்டியக்காவுக்குப் பெரிய பாரம் இறங்கியதுபோல் இருந்தது. முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு, முதலாளியம்மா தோரணையில் முன்பக்கம் போய்க் கல்லாவில் உட்கார்ந்தாள். பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டதே என்று நினைத்துக்கொண்டாள்.

வாசலில் ஒரு சின்ன வேன் வந்து நின்றது. பின்னால் நீல நிற டிரம்கள். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருத்தர் இறங்கி உள்ளே வந்தார்.

கட்டட வேலைக்கு வந்து லாட்ஜில் தங்கியிருக்கும் ஆட்களுக்காக ஒருத்தர் தினமும் கடைசியில் வந்து இருப்பதையெல்லாம் மொத்தமாக வாங்கிப் போகிறார் என்று புருஷன் சொல்லியிருந்தார். அவர்தான் இவர் என்று புரிந்ததும் அவள் எழுந்தே நின்றுவிட்டாள்.

வந்தவர் பழகிய வீட்டில் நுழைவதுபோல் நேரே கல்லாவுக்குக் கீழே குனிந்து, மூடிபோட்ட இரண்டு பெரிய வாளிகளை இழுத்தார். இரண்டும் நல்ல கனம். மூச்சுப் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய் வேனில் வைத்தார். அத்தனையும் தன் கையால் சமைத்தது என்று நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வாசல்வரை அவர் பின்னாலேயே போனாள்.

"அண்ணே, நான்தான் இங்க சமைக்கறேன். காரம் போதுமா, இன்னும் கொஞ்சம் தூக்கலாப் போடட்டுமா?"

அவர் டிரம்மின் மூடியைத் திறந்தபடி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"எதைப் போட்டா என்னம்மா, பன்னிங்கதானே திங்கப்போகுது."