வீண்செலவில் அப்பா

ஒரே ஒரு ஊராம், அதில் ஒரே ஒரு வீடாம். அந்த வீட்டுச் செலவு மொத்தமும் ஒரு லேப்டாப்புக்குள் அடங்கிக் கிடந்ததாம்.

கணக்கை ஏற்றுவது மருமகள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அதை வெட்டிக் கழிப்பது அவள் கணவன்.

அப்படி ஒரு ஞாயிறன்று அப்பாவைப் பார்க்க வந்த நாத்தனார், மேஜைமேல் திறந்திருந்த திரையைப் பார்த்துவிட்டாள்.

"அப்பா, பையை எடுங்க. என் வீட்டுக்குப் போகலாம்."

"ஏம்மா, இப்பத்தானே வந்தே?"

"உங்களை எங்கே வெச்சிருக்காங்கன்னு நீங்களே பாருங்க."

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். 'வீண்செலவு' என்று ஒரு தாய்க் கணக்கு. அதன் கீழே ஏழெட்டுப் பிள்ளைக் கணக்குகள். கடைசிப் பிள்ளை, 'அப்பா'.

"இந்த வயசுல கடைக்குட்டி ஆயிட்டேனா?" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"உங்க மாத்திரை, செருப்பு எல்லாம் இந்த மகராசிக்கு வீண்செலவாம்."

மருமகள் ஈரக் கையோடு வந்து நின்றாள். "நான்தான் அண்ணி மாத்தினேன். முன்னாடி மாமா 'அத்தியாவசியம்'லதான் இருந்தார்."

"கொஞ்சமாவது கூசுதா பாருங்க இவளுக்கு."

பெரியவர் உள்ளே போய்ச் சட்டைகளை மடிக்க ஆரம்பித்தார். மடித்ததையே பிரித்துப் பிரித்து மடித்தார்.

"மாமா, அவர் குளிச்சிட்டு வந்துடுவார். கணக்குப் பார்க்கிறதை மட்டும் இருந்து பார்த்துட்டுப் போங்க."

பெரியவர் மடித்த சட்டைகளோடு வந்து உட்கார்ந்தார். கணவன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். "எப்பக்கா வந்தே?" என்றவன், பதிலுக்குக் காத்திராமல் லேப்டாப் முன் உட்கார்ந்து 'அத்தியாவசிய'த்தைத் திறந்தான்.

"பால் எதுக்கு இவ்வளவு? பாதியாக்கு. பாப்பாவுக்குக் கண் டாக்டரா? முன் பெஞ்சுல உட்காரச் சொல்லு. இதென்ன, உனக்குப் பல் டாக்டரா? இன்னொரு பக்கமா மெல்லேன்."

நாத்தனார் தம்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அடுத்தது வீண்செலவுங்க," என்றாள் மருமகள். "அண்ணியும் இருக்காங்க. ஒவ்வொண்ணாத் திறந்து பார்த்துடலாமா?"

லேப்டாப் பட்டென்று மூடிக்கொண்டது.

"அதுல பார்க்க என்ன இருக்கு? என் கேமரா, தூண்டில், அது இதுன்னு சில்லறை. எப்பவும் போல அப்படியே விட்டுடு," என்றவன், அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான்.

மருமகள் குரலைத் தாழ்த்தினாள். "அத்தியாவசியத்துல இருந்தவரைக்கும் மாமாவோட காதுக் கருவியை மாசாமாசம் வெட்டினார் அண்ணி. 'வீட்டுல அப்படி என்ன பெருசாப் பேசிட்டோம்'னு கேட்டார். கணக்கை இங்கே மாத்தினேன். வாங்கியாச்சு. இன்னிவரைக்கும் இதை அவர் திறந்து பார்த்ததில்லை."

பெரியவர் காதைத் தொட்டுப் பார்த்தார். மடித்த சட்டைகளை எடுத்துப்போய் அலமாரியில் திரும்ப வைத்துவிட்டு வந்தார்.

"அப்போ... நீங்க வரலையாப்பா?"

"நீ போயிட்டு வாம்மா. உன் வீட்டுல நீ பாசத்துல என்னை அத்தியாவசியத்துல போட்டுடுவே."

நாத்தனார் தனியாகப் படியிறங்கிப் போனாள்.