வயர் இல்லாத விசிறி

எழில் தனியாகச் செய்யும் முதல் மின்பாதுகாப்புச் சோதனை அது. செங்கம் ரோட்டு விடுதியின் சாமான்களைக் கூடத்தில் பரப்பி உற்சாகமாக வகை பிரித்தாள். இஸ்திரிப்பெட்டியும் கெட்டிலும் எர்த் தேவைப்படும் முதல் வகை. ஹேர் டிரையர் எர்த் வேண்டாத இரண்டாம் வகை. ஒரு மேஜைவிசிறி மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்கு வயரே இல்லை.

"பேட்டரிங்களா?" என்று எழில், விடுதிக்காரி கஸ்தூரியிடம் கேட்டாள்.

"இல்லம்மா. வாங்கனதுலேர்ந்து இப்பிடித்தான் ஓடுது. இதுக்கும் பாஸ் போட்டாத்தான் நாளைக்கு விடுதி தொறக்க முடியும்."

எழிலுக்குக் கை பரபரத்தது. பின்மூடியைக் கழற்றினாள். உள்ளே மோட்டார் இல்லை.

"ஷாக் அடிக்க இதுல ஒண்ணுமே இல்லீங்க" என்று சிரித்தபடி பாஸ் எழுதினாள். ஆசை அடங்காமல் இறக்கையையும் பிடித்து நிறுத்திக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

ஜன்னல்கள் சாத்தியிருந்த, வேறு விசிறி எதுவும் ஓடாத அந்தக் கூடத்தில் கஸ்தூரியின் முந்தானை அப்போதும் பறந்துகொண்டிருந்தது.